சாரங்கு கூவிய பெயர்

மழை விட்டு வெயில் அடித்த காலை. காடியின் வாயில் மெயில் லாஞ்சு வந்து நின்று சங்கு ஊதியது. நான் என் டுங்கியைக் கழியால் ஊன்றித் தள்ளிக்கொண்டு போனேன். கடல் வற்றியிருந்த நேரம். இரண்டு கரையிலும் அலையாத்தி வேர்கள் சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றன. லாஞ்சு உள்ளே வர முடியாத நேரங்களில் ஆட்களை இறக்கிக் கரைக்குக் கொண்டு வருவது என் வேலை.

காடி என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். அந்தமானில் கடல் காட்டுக்குள் நெடுந்தூரம் புகுந்து போகும். பார்க்க ஆறு மாதிரியே இருக்கும். ஒரு நேரம் உள்ளே ஓடும், இன்னொரு நேரம் வெளியே ஓடும். குடிக்க முடியாது. டுங்கி என்பது நம் ஊர் வள்ளம்தான். படகுத்துறையை அங்கே எல்லாரும் இந்தியில் காட் என்பார்கள்.

லாஞ்சை ஓட்டும் சாரங்கு லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். என்னைப் பார்த்ததும் பின்னால் திரும்பிக் கூவினான்.

"பொன்னையா காட்! பொன்னையா காட் இறங்கறவங்க எல்லாம் ஜல்தி இறங்கு!"

கழியை ஊன்றி டுங்கியை நிறுத்தினேன். எனக்குத் தெரியாமல் பக்கத்தில் வேறு ஏதாவது துறை வந்துவிட்டதா என்று திரும்பிப் பார்த்தேன். சேறும் வேரும்தான் இருந்தன. சாரங்கு சொன்னது என் துறையைத்தான். நான் காடு வெட்டி, நான் குடிசை போட்டு, நான் முதல் கட்டையைக் கரையில் புதைத்த இடத்தை.

ஒரு பெண் கோழிக்கூண்டோடும் மூட்டையோடும் டுங்கியில் இறங்கினாள். புதுத் தாலி. கப்பல் மயக்கத்தில் முகம் வெளுத்திருந்தது.

"எங்கம்மா போகணும்?" என்று கேட்டேன். அவளும் அந்தப் பெயரைச் சொல்லட்டும், கழியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போய்விடலாம் என்ற கோபம் எனக்கு.

"அதான் இப்ப அவரு கத்துனாருல்லா, அங்கதான்."

"எங்கன்னு வாயைத் தொறந்து சொல்லு."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எங்க வீட்டுக்காரவுக பேர நான் எப்படிச் சொல்லுவேன்? ஒங்க பேரு என்ன அண்ணாச்சி?"

"வேலு."

"அப்ப வேலுகாட்டுக்கு விடுங்க."

அப்படித்தான் சொர்ணம் அந்தக் காட்டுக்குள் வந்தாள். பொன்னையாவின் பெண்டாட்டி. அந்த இடத்தை என் பெயரால் முதலில் சொன்னவள் அவள்தான்.

பேர் இல்லாத வளைவு

சௌல்தாரியில் பாக்குத் தோட்டத்து வேலையை விட்டுவிட்டு வடக்கே போனேன் என்று போன வாரத் தொடரில் முடித்திருந்தேன். ஏன் விட்டீர்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். காரணம் ஒன்றும் பெரிதாக இல்லை. ஓரிடத்தில் மூன்றாவது மழைக்காலம் வந்தால் எனக்குக் கால் அரிக்க ஆரம்பித்துவிடும். அட்டை கடித்த அரிப்பு வேறு, இது வேறு.

போர்ட் பிளேயர் லம்பா லைனில் ஒரு தெரிந்தவர் கொட்டகையில் சில நாள் படுத்திருந்தேன். காட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அங்கே கேள்விப்பட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அதற்கு மேல் என்ன வேலை கிடைக்கும்? போனேன்.

வெட்டிய மரத்தை யானைகள் இழுத்து வந்து காடிக்கரையில் போடும். நாங்கள் அவற்றைத் தண்ணீரில் தள்ளித் தெப்பமாகக் கட்டுவோம். கனத்த மரம் தனியாக விட்டால் முழுகிவிடும். அதை இரண்டு லேசான மரங்களுக்கு நடுவில் வைத்துப் பிரம்பால் இறுக்கிக் கட்ட வேண்டும். அப்போது மூன்றும் மிதக்கும். மேலே நின்று பார்க்கிறவனுக்கு எது எதைத் தூக்கிக்கொண்டு போகிறது என்று தெரியாது.

வடியும் தண்ணீரோடு தெப்பம் கடலுக்குப் போகும். ஒரு வளைவில் வந்ததும் தண்ணீர் திரும்பிவிடும். அடுத்த முறை தண்ணீர் வடியும் வரைக்கும் தெப்பத்தைக் கட்டிப்போட்டுக் காத்திருக்க வேண்டும். அந்த வளைவில்தான் நான் தங்கினேன். தனி என்ற சேற்றுப் பனையின் ஓலையில் கூரை போட்டேன். கழித்துப்போட்ட இரண்டு மரங்களைச் சேற்றில் புதைத்துக் கால் வைக்க இடம் செய்தேன். மணல் ஈயும் கொசுவும் என்னைத் தின்றன. மான் இறைச்சியும் நண்டும் நான் தின்றேன். காய்ச்சல் வந்தால் போர்த்திப் படுத்தேன். எழுந்திருக்க முடிந்தால் எழுந்தேன்.

தெப்பக்காரர்கள் அந்த இடத்தை "வளைவு" என்றார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். ஓரிடத்துக்குப் பெயர் வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இன்றைக்கும் நினைத்தால் என் மேலேயே ஆத்திரம் வருகிறது. யாரும் கேட்காத நாளில் ஒரு தகரத்தில் என் பெயரை எழுதி மரத்தில் ஆணி அடித்திருக்கலாம்.

டிரங்குப் பெட்டியோடு ஒருவன்

பொன்னையாவை அங்கே கொண்டு வந்து இறக்கியதும் நான்தான். என் டுங்கியில்தான் வந்தான். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பித்தளை பாய்லர், ஒரு மூட்டைச் சர்க்கரை. தாமிரபரணிக் கரைக்காரன். காடியைப் பார்த்ததும் இரண்டு கையாலும் அள்ளி வாயில் ஊற்றிக் காறித் துப்பினான்.

"என்ன அண்ணாச்சி, ஆறு உப்புக் கரிக்கி!"

"இது ஆறு இல்லய்யா."

"பாத்தா ஆறு மாதிரில்லா இருக்கு. ஏமாத்திட்டு." கரையில் ஏறி நின்று சுற்றிலும் பார்த்தான். "இந்த எடத்துக்கு என்ன பேரு?"

"பேரெல்லாம் கிடையாது."

"பேரு இல்லாத எடத்துலயா இத்தன நாளு இருக்கீய?"

அவன் சாதாரணமாகத்தான் கேட்டான். எனக்குச் சுருக்கென்று இருந்தது.

என் குடிசைக்குப் பக்கத்திலேயே அவன் டீக்கடை போட்டான். பெஞ்சு செய்தான். தெப்பக்காரர்கள் அதுவரை என் குடிசை வாசலில் குத்துக்காலிட்டு உட்காருவார்கள். பெஞ்சு வந்த அன்றே எல்லாரும் எழுந்து அங்கே போய்விட்டார்கள். நானும் போனேன். டீ குடித்தேன். குறை கண்டுபிடிக்கலாம் என்று நிதானமாக, சொட்டுச் சொட்டாகக் குடித்தேன். பால்மாவு டீதான். ஆனால் சர்க்கரை அவ்வளவு சரியாக இருந்தது. அத்தனை வருடத்தில் ஒரு நாளாவது கூடியோ குறைந்தோ இருந்ததில்லை. இதை எழுதும்போதும் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

நண்டு

சொர்ணம் வந்த அன்று சாரங்கு கூவியதைக் கேட்ட பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த நாளில் தீவுகளில் பாதி இடங்களுக்குப் பெயர் கிடையாது. கேம்ப் நம்பர் உண்டு, நம்பர் யாருக்கு ஞாபகம் இருக்கும்? சாரங்கு எந்தப் பெயரைக் கூவுகிறானோ அதுதான் பெயர். அவன் வாயில் ஏறிவிட்டால் போர்ட் பிளேயர் ஜெட்டியில் ஏறும். அங்கிருந்து ஆபீசுகளில் ஏறும்.

ஆகவே சாரங்கைப் பிடித்தேன். சேற்று நண்டு என்றால் அவனுக்கு உயிர். கம்பிக் கொக்கியால் வளையிலிருந்து இழுத்து, காலைக் கட்டி, உள்ளங்கை அகல நண்டுகளாகப் பார்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"பாய், நம்ம துறைக்கு வேலுகாட்னு ஒரு தடவை கூவிப் பாருங்களேன்."

"கூவிட்டாப் போச்சு!" என்றான்.

அடுத்த வாரம் லாஞ்சு வந்தது. காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். "பொன்னையா காட்!"

மறுபடி நண்டு கொடுத்தேன். மறுபடி பொன்னையா காட். ஒரு மழைக்காலம் முழுக்க நண்டு தின்றான். கடைசியில் சண்டைக்கே போய்விட்டேன்.

"அரே வேலு, பேரு நானா வைக்கிறேன்?" என்றான் சாரங்கு, நண்டுக் காலை உறிஞ்சிக்கொண்டே. "டிக்கெட் எடுக்கறப்ப ஆளுங்க என்ன பேரு கேக்கறாங்களோ அதைத்தான் நான் கூவுறேன். ஒரு ஆளாவது வந்து வேலுகாட்னு கேக்கச் சொல்லு. நானும் கூவுறேன். நண்டு நல்லா இருந்துச்சு."

அப்படிக் கேட்கும் ஓர் ஆள் இருந்தாள். ஆனால் அவள் எப்போதாவதுதான் லாஞ்சில் ஏறினாள்.

சொர்ணம் கடைசிவரை கணவன் பெயரைச் சொல்லவில்லை. அவள் பிறந்த ஊரில் அந்த வழக்கம். அங்கே அது கஷ்டமில்லை. "அவுக", "எங்க வீட்ல" என்று சமாளித்துவிடலாம். இங்கே கணவன் பெயரே ஊர்ப் பெயராகிவிட்டது. கடிதம் போட வேண்டும், டிக்கெட் எடுக்க வேண்டும், எந்த ஊர் என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். அதனால் அவள் வாயில் அது வேலுகாட்டாகவே இருந்தது. "நம்ம வேலுகாட்ல மழ எப்பிடிங்கிய!" என்று அவள் யாரிடமாவது பேசுவது காதில் விழுந்தால் அன்றைக்கு முழுக்க எனக்குக் கழி கனக்காது.

அவள் என் பக்கம் நியாயம் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்ள யார் தடுக்க முடியும்?

ரேடியோ வந்த ஊர்

பிறகு அந்த ஊர் வளர்ந்த வேகத்தைச் சொன்னால் இன்று நம்ப மாட்டார்கள். காடிக்கு மேலே காட்டை வெட்டி வங்காளி அகதிகளைக் குடியேற்றினார்கள். அவர்கள் நெல்லும் வாழையும் போட்டார்கள். அதெல்லாம் என் வளைவுக்குத்தான் இறங்கி வந்தது. ராஞ்சியிலிருந்து வந்த மரம் வெட்டிகள் கூலி வாங்கிக்கொண்டு அங்கேதான் வந்தார்கள். ராமநாதபுரத்து ராவுத்தர் ஒருவர் ஜவுளிக்கடை வைத்தார். மலையாளி ஒருவர் தையல் மிஷின் கொண்டுவந்தார். பள்ளிக்கூடம் வந்தது. மருந்து கொடுக்க ஒரு கம்பவுண்டர் வந்தார். சந்தை நாளில் கரையோரம் முழுக்க டுங்கி. நெல் அவிக்கும் ஆவியும் கருவாடும் வெட்டிய பச்சை மரமும் கலந்து ஒரு வாசனை வரும். அந்த வாசனை வேறு எங்கேயும் இல்லை. நான் அதற்குப் பிறகும் நிறைய ஊர் சுற்றியவன்.

பொன்னையா கடையில் ரேடியோ வாங்கினான். கூரைக்கு மேலே மூங்கிலில் கம்பி கட்டினான். சாயங்காலம் சிலோன் பாட்டு கரகரவென்று கேட்கும். தமிழ் தெரியாத ராஞ்சிக்காரர்கள்கூடத் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஜனங்களுக்கு அவனைப் பிடித்திருந்தது. அதுதான் எனக்குப் புரியவில்லை. அவன் ஒன்றும் அழகன் இல்லை. பேச்சும் பெரிய பேச்சு இல்லை. வந்தவனை "வாங்க" என்பான், போகிறவனை "போய்ட்டு வாங்க" என்பான். அவ்வளவுதான். நானும் சொல்லிப் பார்த்தேன். என்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மேலே குடியேறியவர்களில் ஹரிபதோ என்று ஒருவன். எனக்கு நல்ல சிநேகிதம். ஒரு பேய்மழையில் அவன் பெண்டாட்டிக்குப் பிரசவ வலி கண்டது. காடியின் வாயில் நிற்கும் லாஞ்சில் சேர்த்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம். எதிர்நீரில் நான்தான் டுங்கி தள்ளினேன். உள்ளங்கைத் தோல் உரிந்து கழி வழுக்கியது. குழந்தை பாதி வழியிலேயே, டுங்கியிலேயே பிறந்துவிட்டது. சொர்ணம்தான் கூட வந்து பார்த்துக்கொண்டாள். ஆண் குழந்தை. என் டுங்கியின் அடிப்பலகையில் நெடுநாள் கறை இருந்தது.

பையன் வளர்ந்து பள்ளிக்கூடம் போனதும், எங்கே பிறந்தாய் என்று வாத்தியார் கேட்டிருக்கிறார்.

"பொன்னையா காட்" என்றானாம்.

ஹரிபதோ இதைப் பெருமையாக என்னிடமே வந்து சொன்னான். "க்யா ஹுவா வேலுதா, முகம் ஏன் இப்படிப் போச்சு?" என்று வேறு கேட்டான். தா என்றால் வங்காளத்தில் அண்ணன்.

போர்டு

ஒரு நாள் போர்ட் பிளேயரிலிருந்து ஆபீசர் ஒருவர் வருகிறார் என்று தெரிந்தது. குடியேற்ற ஊர்களுக்கெல்லாம் பெயர் பதிந்து போர்டு வைக்கப் போகிறார்களாம். போர்டில் ஏறிவிட்டால் அப்புறம் சாரங்கு என்ன கூவினாலும் ஒன்றுமில்லை.

எனக்கு இதைவிட்டால் வேறு வழி இல்லை. வீடு வீடாகப் போனேன். முதலில் காடு வெட்டியது யார், முதல் கட்டை புதைத்தது யார், மழையில் உங்களையெல்லாம் கரை சேர்த்தது யார் என்று கேட்டேன். எல்லாரும், "நீதான் வேலு, அதிலென்ன சந்தேகம்?" என்றார்கள். அடித்துத் துவைத்து ஒரு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

ஆபீசர் பொன்னையாவின் பெஞ்சில் உட்கார்ந்து இளநீர் குடித்தார். ஊரே கூடியிருந்தது. இந்தியில் கேட்டார், இந்த இடத்துக்கு என்ன பெயர் என்று.

நான் தொண்டையைச் சரிசெய்வதற்குள் எல்லாரும் ஒரே குரலில் கத்தினார்கள். "பொன்னையா காட்!" ஹரிபதோ குரல்தான் உரக்கக் கேட்டது. என்னைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான். வேண்டுமென்று செய்யவில்லை. வாய்ப் பழக்கம்.

அப்போதுதான் பொன்னையா பாய்லர் பின்னாலிருந்து வெளியே வந்தான்.

"சாப், அது வேண்டாம். வேலுகாட்னு போடுங்க."

"ஏன், உன் பெயரில் ஊர் இருக்கக் கூடாதா?"

"எங்க வீட்ல சொல்ல மாட்டா சாப். புருசன் பேரு. நாளைக்கு அவ ஒத்தையில டிக்கெட் எடுக்கணும்னா முழிப்பால்லா? இப்பவே நாங்க வீட்டுக்குள்ள வேலுகாட்னுதான் சொல்லுதோம். பழகிட்டு."

ஒருவன் இதை இந்தியில் பெயர்த்துச் சொன்னான். ஆபீசர் இளநீர் புரையேறச் சிரித்தார். ஊரும் சிரித்தது. யாருக்கும் ஆட்சேபணை இல்லை. ஆபீசர் எழுதிக்கொண்டார். முடிந்தது.

அத்தனை வருடம் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. நான் காடு வெட்டியதற்காகக் கிடைக்கவில்லை. கட்டை புதைத்ததற்காகவும் இல்லை. பொன்னையா பெண்டாட்டிக்கு டிக்கெட் எடுக்க ஒரு பெயர் தேவைப்பட்டது, அதற்காகக் கிடைத்தது.

கூட்டம் கலைந்ததும் சொர்ணம் ஒரு டம்ளர் டீயோடு வந்தாள். "என்ன அண்ணாச்சி, ஊரே ஒங்க பேர்ல எழுதியாச்சு. மொகத்துல ஒரு சிரிப்பக் காணலயே?"

"எனக்கு வயிறு சரியில்லை."

"அது எப்ப சரியா இருந்திச்சு?" என்றாள்.

ஊரை ஏற்றிப் போனேன்

போர்டு வந்தது. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. அதற்கு அடுத்த வெயில் காலத்தில் ரோடு போட வந்தார்கள். காடியோரம் சேறு, அங்கே ரோடு நிற்காது என்று மேட்டிலேயே, வெகுதூரம் உள்ளே தள்ளி வெட்டிக்கொண்டு போனார்கள்.

அதன் பிறகு மரம் லாரியில் போனது. தெப்பம் நின்றது. யானைகளை வேறு கேம்புக்கு ஓட்டிப்போனார்கள். வங்காளிகள் நெல்லை மேட்டுக்கே கொண்டுபோனார்கள். லாஞ்சு வருவது குறைந்து, கரையில் கொடி ஏற்றினால் மட்டும் நிற்பது என்றாகி, பிறகு அதுவும் இல்லை. கடைசியாக வந்த நாளில் சாரங்கு, பாவம், போர்டைப் பார்த்து ஞாபகம் வந்தவனாக, "வேலுகாட்!" என்று கூவினான். இறங்குவதற்கு ஆள் இல்லை.

கடைகளைப் பலகை பலகையாகக் கழற்றினார்கள். அந்தப் பலகைகளைக் காடிக்கு மேலே, ரோட்டுக்குப் பக்கமாக இருக்கும் இடம் வரைக்கும் கொண்டுபோக டுங்கி வேண்டும். யாருடைய டுங்கி? தையல் மிஷினை நான் ஏற்றினேன். ராவுத்தரின் துணி மூட்டைகளை நான் ஏற்றினேன். பள்ளிக்கூடத்துக் கரும்பலகையை நான்தான் மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு போனேன். கடைசியில் பொன்னையாவின் பெஞ்சு, பாய்லர், ரேடியோ, மூங்கில்.

"நீங்களும் வந்துருங்க அண்ணாச்சி. பக்கத்துலயே ஒரு குடிசை போட்டுக்கிடலாம்" என்றான்.

"என் பேர்ல இருக்கற ஊரை விட்டுட்டு நான் ஏன்ய்யா வரணும்?"

நான் தங்கிவிட்டேன். எந்த ஊரிலும் நிற்காத கால், ஊரே இல்லாத இடத்தில் நின்றது. மான்கள் சந்தைத் திடலில் மேய்ந்தன. முதலை ஒன்று என் கட்டையில் வந்து வெயில் காய்ந்தது. நண்டு பிடித்து ரோட்டுக்குக் கொண்டுபோய் விற்றேன்.

ரோட்டில் ஜனங்கள் பேசுவது காதில் விழும். "பொன்னையா காட் நாள்ல என்ன சந்தை! என்ன பாட்டு! வேலுகாட்ல இப்ப என்ன இருக்கு? கொசு." இரண்டும் ஒரே இடம்தான். வாழ்ந்த காலத்துக்கு அவன் பெயர், செத்த காலத்துக்கு என் பெயர் என்று அவர்களாகவே பிரித்துக்கொண்டார்கள்.

பொன்னையா ரோடு திரும்பும் இடத்தில் கடை போட்டிருந்தான். பஸ் விட்டார்கள். வளைவை இந்தியில் மோட் என்பார்கள். பஸ் கண்டக்டர் முதல் வாரமே கூவிவிட்டான்: "பொன்னையா மோட்!"

அவனுக்கு யாரும் நண்டு கொடுக்கவில்லை.

அடுத்த நிறுத்தம்

பஸ்ஸில் டிக்கெட் வாங்க வேண்டுமானால் இடத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். என் காடிக்கு இறங்கும் வழி பொன்னையா மோடிலிருந்துதான், அந்தப் பெயரை நான் சொல்ல மாட்டேன். அடுத்த நிறுத்தத்துக்கு டிக்கெட் வாங்குவேன். அங்கே இறங்கி, திரும்பி நடந்து வருவேன். வெயிலிலும் வந்தேன், மழையிலும் வந்தேன். பஸ் பொன்னையா கடையைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொள்வேன்.

சொர்ணத்தின் கண்ணுக்கு எது தப்பும்? ஒரு நாள் நான் நனைந்துகொண்டு நடந்து வரும்போது வாசலில் நின்று மறித்தாள்.

"அண்ணாச்சி, எனக்கு ஒரு சந்தேகம். நான் அவுக பேரச் சொல்லாததுக்குக் காரணம் இருக்கு. நான் பொண்டாட்டி. நீங்க எதுக்குச் சொல்ல மாட்டேங்கிய? ஒங்களுக்கும் அவுகதான் தாலி கட்டுனாவளா?"

பெஞ்சில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பொன்னையா மட்டும் பாய்லரைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனும் சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வருடங்கள் போயின. எப்போது என்று கேட்காதீர்கள், எங்கள் இருவருக்கும் தலை நரைத்த பிறகு. நான் பஸ்ஸில் கடைசி சீட்டில் இருந்தேன். முன்னால் பொன்னையா ஏறினான். போர்ட் பிளேயரில் கண் ஆபரேஷன் செய்துகொண்டு வருகிறான். ஒரு கண்ணில் கட்டு, இன்னொன்றில் பச்சைத் துணி. தடவித் தடவி உட்கார்ந்தான். என்னைப் பார்க்கவில்லை.

கண்டக்டர் புது ஆள். "தாதா, கஹான் ஜானா?" எங்கே போகணும் என்று கேட்டான்.

"வேலுகாட்."

நான் நிமிர்ந்தேன்.

"அப்படி ஒரு இடமே கிடையாது" என்றான் கண்டக்டர், இந்தியில்.

"இருக்குய்யா. போர்டே இருந்திச்சு. வளைவுல எறக்கி விடு, அங்கேருந்து கீழ எறங்கணும். பழைய கண்டக்டருக்குத் தெரியும்."

"எந்த வளைவு? ரோடு முழுக்க வளைவுதான். பேரைச் சொல்லு."

"அதான் சொல்லுதேன்லா, வேலுகாட்."

பஸ்ஸில் சிரித்தார்கள். கிழவனுக்குக் கண்ணோடு மூளையும் போய்விட்டது என்றான் ஒருவன். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தான். பெயர் தெரியாவிட்டால் இங்கேயே இறங்கு என்றான். வெளியே மழை கட்டிக்கொண்டு நின்றது. பொன்னையா அசையாமல் உட்கார்ந்திருந்தான். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவனுடைய சொந்தப் பெயர். அதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

நான் எழுந்து முன்னால் போனேன். கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"பொன்னையா மோட்," என்றேன். "தோ டிக்கெட்." இரண்டு பேருக்கும் சேர்த்து வாங்கினேன்.

பொன்னையா குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான். "யாரு, அண்ணாச்சியா?"

"ஏன்ய்யா, மோட்னு சொல்றதுக்கு என்ன? பஸ்ஸிலிருந்து தள்ளி விட்டிருப்பான்."

"சொந்தப் பேர நானே எப்பிடிக் கேட்டு வாங்குவேன் அண்ணாச்சி? வெக்கமா இருக்காதா? நான் எப்பவும் வேலுகாட்னுதான் கேக்கது. வீட்டுப் பழக்கம் வேற."

வெட்கமாம். எனக்கு அந்த வெட்கம் வரும்படி, இறங்க ஆள் இல்லாத அந்த ஒரு நாளைத் தவிர, ஒரு சாரங்கும் ஒரு கண்டக்டரும் கடைசிவரை கூவவில்லை. பஸ் வந்த காலத்திலிருந்து என் பெயரை அவன் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறான். நான் அவன் பெயரைச் சொன்னது அன்று ஒரு தடவை. இதிலும் அவனே முந்திக்கொண்டான்.

வளைவில் பஸ் நின்றது. கையைப் பிடித்து இறக்கினேன். சொர்ணம் வாசலில் நின்றிருந்தாள். முதலில் அவனைப் பார்த்தாள், பிறகு என்னை.

"என்ன அண்ணாச்சி, இன்னைக்கு நடக்கலையா?"

"அண்ணாச்சி பேரச் சொல்லிட்டாவ," என்றான் பொன்னையா.

"அப்ப இனிமே நான் ஒருத்திதான் சொல்லாதவ," என்று அவள் உள்ளே போனாள்.

பெஞ்சில் உட்கார்ந்தேன். காடியில் என் டுங்கியில் நான் ஏற்றி வந்த அதே பெஞ்சு. மழை தகரத்தில் விழ ஆரம்பித்தது. சொர்ணம் டீயைக் கொண்டுவந்து வைத்தாள். எடுத்து நிதானமாக, சொட்டுச் சொட்டாகக் குடித்தேன்.

சர்க்கரை சரியாக இருந்தது.